ஒரு முத்திரையின் வாடகை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

2008ஆம் ஆண்டு பெப்சிகோ நிறுவனமும் இந்திய மருத்துவச் சங்கமும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. டிராபிகானா பழச்சாறு, குவேக்கர் ஓட்ஸ் ஆகிய இரண்டின் உறையிலும் சங்கத்தின் முத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். காலம் 3 ஆண்டு. தொகை 2.25 கோடி ரூபாய்.

பழச்சாறு மருந்தில்லை. ஓட்ஸ் வாங்க யாரும் சீட்டு எழுதித் தர வேண்டியதும் இல்லை. ஆனால் பல்பொருள் அங்காடியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு டப்பாக்களைப் பார்த்துக் குழம்பி நிற்கும் ஓர் அம்மாவை நினைத்துப் பாருங்கள். ‘டாக்டருங்களே சொல்லியிருக்காங்க’ என்று ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டுவிடுவார். அந்த அரை நொடிக் குழப்பத்தைத் தீர்த்துவைக்கத்தான் அந்த 2.25 கோடி.

கணக்குப் போட்டால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆண்டுக்கு 75 லட்சம். அன்று சங்கத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் டாக்டர்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய்கூடத் தேறாது. எந்த டாக்டரிடமாவது தனியாகப் போய், ‘50 ரூபாய் தருகிறோம், இந்த ஜூஸ் டப்பாவில் உங்கள் பெயரையும் பதிவு எண்ணையும் ஒரு வருஷம் போட்டுக்கொள்கிறோம்’ என்று கேட்டிருந்தால், கம்பவுண்டரைக் கூப்பிட்டு வாசலைக் காட்டச் சொல்லியிருப்பார். தனித்தனியாக யாரும் விற்கச் சம்மதிக்காத ஒன்று, எல்லோருடையதும் ஒன்றாகச் சேர்ந்ததும் விலைக்கு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர்கள் சிலர். பெயர் போனது லட்சக்கணக்கானவர்களுடையது. தாலுகா ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடித்து வீட்டுக்குப் போகும் வழியில் கடைக்குள் நுழைந்த டாக்டர், தானும் அந்த டப்பாவுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறோம் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டிருப்பார்.

நோயாளிக்கு எது நல்லது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவருக்கு, அதைச் சொல்வதால் வேறோர் ஆதாயமும் வருமானால் அதை நலன் முரண் என்கிறோம். அவர் தப்புச் செய்துவிட்டார் என்று இதற்குப் பொருளில்லை. அவர் சொன்னது நோயாளிக்காகவா, ஆதாயத்துக்காகவா என்று பிரித்துப் பார்க்க வெளியே இருப்பவருக்கு வழியில்லாமல் போகிறது, சங்கடம் அவ்வளவுதான். தனி டாக்டர்கள் விஷயத்தில் இது நிறையப் பேசப்பட்டிருக்கிறது: கமிஷன், பரிசு, வெளிநாட்டுப் பயணம். சங்கங்களைப் பற்றிய பேச்சு குறைவு. சங்கம் வாங்கினால் அது நன்கொடை, புரவலர் ஆதரவு, கல்விப் பணிக்கு உதவி. பெயர் மாறியதும் கூச்சமும் போய்விடுகிறது.

அந்த ஜூஸ் டப்பாவை ஒருவர் விடவில்லை. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துக் கண் மருத்துவர் கே.வி. பாபு. அதே சங்கத்தின் உறுப்பினர். டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளில், மருந்துக்கோ கருவிக்கோ வேறெந்த வணிகப் பொருளுக்கோ, காசு வாங்கியோ வாங்காமலோ, டாக்டர் பரிந்துரை கொடுக்கக் கூடாது என்று பச்சையாக எழுதியிருக்கிறது. அதை எடுத்துக்காட்டி இந்திய மருத்துவக் கவுன்சிலுக்கு அவர் புகார் எழுதினார். தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி மேல் கேள்வி போட்டார். 2010 நவம்பரில் கவுன்சில் முடிவெடுத்தது. ஒப்பந்தக் காலத்துச் சங்கத் தலைவர், செயலாளர் இருவரின் பெயரையும் 6 மாதத்துக்கு மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்க உத்தரவிட்டது. செயற்குழுவிலிருந்த 61 பேருக்குக் கண்டனம் தெரிவித்தது. நாட்டின் மிகப் பெரிய டாக்டர் சங்கத்தின் தலைமைக்கு, டாக்டர்களின் ஒழுக்கத்தைக் காக்கும் அமைப்பே தண்டனை விதித்தது அது.

கதை அதோடு முடிந்திருந்தால் இந்தச் சொற்பொழிவுக்கு வேறு பொருள் தேட வேண்டியிருந்திருக்கும்.

2009 டிசம்பரில் கவுன்சில் தன் விதிகளில் 6.8 என்று ஒரு புதுப் பிரிவைச் சேர்த்திருந்தது. மருந்துக் கம்பெனியிடமிருந்து பரிசு, பயணச் செலவு, விருந்தோம்பல், ரொக்கம் எதுவும் வாங்கக் கூடாது. அந்தப் பிரிவின் தலைப்பு, டாக்டர்களுக்கும் ‘டாக்டர்களின் தொழில்முறைச் சங்கங்களுக்கும்’ உரிய நடத்தை நெறி என்று சொன்னது. 2016 பிப்ரவரி 1ஆம் தேதி அரசிதழில் ஒரு திருத்தம் வந்தது. எத்தனை ரூபாய்க்குப் பரிசு வாங்கினால் எத்தனை மாதம் பெயர் நீக்கம் என்று தனி டாக்டர்களுக்குப் பட்டியலே போட்டது. 1,000 முதல் 5,000 ரூபாய் வரை கண்டனம். 10,000 தாண்டினால் 6 மாதம். 50,000 தாண்டினால் ஓராண்டு. பார்த்தால் விதியை முறுக்கேற்றிய மாதிரிதான் தெரியும். அதே திருத்தம் தலைப்பிலிருந்து ஒரு சொற்றொடரை மட்டும் சத்தமில்லாமல் எடுத்தது. தொழில்முறைச் சங்கங்கள் என்ற சொற்றொடரை.

முன்வாசலில் பூட்டு, புழக்கடைக் கதவு தாழ் திறந்தபடி.

இதற்குச் சொல்லப்பட்ட நியாயம் சட்டப்படி வலுவில்லாதது என்று சொல்லிவிட முடியாது. கவுன்சிலின் அதிகாரம் அதன் பதிவேட்டில் பெயருள்ள டாக்டர் மேல்தான் செல்லும். சங்கம் டாக்டரில்லை. சங்கத்துக்குப் பதிவு எண் இல்லை. ஆறு மாதம் தொழில் செய்யாதே என்று அதனிடம் சொல்லவும் முடியாது. அந்த ஆண்டு மார்ச்சில் வந்த நாடாளுமன்ற நிலைக்குழுவின் 92ஆம் அறிக்கை இந்த விலக்கைக் கடிந்துகொண்டது. ஆனால் விலக்கு விலக்காகவே நின்றது.

இதே வாதத்தை மறுபக்கத்திலிருந்து சொன்ன வழக்கு ஒன்று சென்னையிலிருந்து கிளம்பியது. இங்குள்ள அபெக்ஸ் லேபரட்டரீஸ், ஜின்கோவிட் என்ற ஊட்ட மாத்திரையை டாக்டர்களிடையே அறிமுகப்படுத்தச் செலவிட்டதாக 4,72,91,159 ரூபாயை வருமான வரிக் கணக்கில் கழித்துக் காட்டியது. விருந்தோம்பல், மாநாட்டுக் கட்டணம், தங்கக் காசு, எல்.சி.டி. டிவி, ஃப்ரிட்ஜ், லேப்டாப். ‘வாங்கக் கூடாது என்ற விதி டாக்டருக்குத்தானே, கொடுக்கக் கூடாது என்று எங்களுக்கு எங்கே இருக்கிறது?’ என்பது கம்பெனியின் கட்சி. வருமான வரித் துறை, சென்னை உயர் நீதிமன்றம் என்று படியேறிய வழக்கை 2022 பிப்ரவரி 22ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வாங்குவது குற்றமென்றால் கொடுத்த செலவுக்கு வரிச் சலுகை கிடையாது என்றது நீதிபதிகள் லலித், ரவீந்திர பட் அமர்வு. இலவசமாக வந்த ஃப்ரிட்ஜின் விலை கடைசியில் மாத்திரை வாங்குகிறவர் தலையில்தான் விடிகிறது என்பதையும் தீர்ப்பு மறக்கவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விளையாட்டு புலப்படும். கம்பெனியைக் கேட்டால் விதி டாக்டருக்கு என்கிறது. சங்கத்தைக் கேட்டால் அதுவும் விதி டாக்டருக்கு என்கிறது. டாக்டரைக் கேட்டால், ‘நான் எங்கே வாங்கினேன், சங்க மாநாட்டுக்குத்தானே போனேன்’ என்கிறார். மூவரும் உண்மையே சொல்கிறார்கள்.

அந்த மாநாட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். காலை எட்டரை மணி, ஏதோ ஒரு நகரத்தின் நட்சத்திர ஓட்டல். பதிவு மேசையில் பேர் சொன்னதும் ஒரு பை கைக்கு வருகிறது. பை, பேனா, நோட்டு, பெயரட்டை தொங்கும் பட்டை எல்லாவற்றிலும் ஒரு சர்க்கரை மாத்திரையின் பெயர். அரங்குக்குப் போகும் பாதை நேராக இல்லை. ஸ்டால்களின் நடுவே வளைந்து வளைந்து போகிறது. பிளாட்டினம் ஸ்பான்சருக்கு வாசலை ஒட்டிய பெரிய ஸ்டால், தங்கத்துக்கு அடுத்தது, வெள்ளிக்குக் கழிப்பறைப் பக்கம். ஒரு ஸ்டாலில் ஃபில்டர் காபி, இன்னொன்றில் செல்ஃபி எடுக்க ஒரு வளைவு. கையில் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள்: எல்லா ஸ்டாலுக்கும் போய் முத்திரை குத்திக்கொண்டு வந்தால் சாயங்காலக் குலுக்கலில் பரிசு உண்டு. சங்கத்தின் முத்திரையைக் கம்பெனி விலைக்கு வாங்கியது போக, இப்போது கம்பெனியின் முத்திரைக்காகப் பேராசிரியர்கள் வரிசையில் நிற்கிறார்கள். மதியம் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் ஒரு சிறப்பு உரை; பேச்சாளரை அறிமுகப்படுத்துகிறவர் கடைசி வரியில் ‘இந்த அமர்வை வழங்குபவர்கள்’ என்று ஒரு பெயரைச் சொல்லி முடிக்கிறார். நாலு மணிக்கு டாக்டர்களின் கணக்கில் கல்வி நேரம் வரவாகிறது. 5 ஆண்டுக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்பது 2002 விதி. அந்த 30 மணி நேரத்துக்கான பாடத்திட்டம் எங்கே தீர்மானமாகிறது என்பதை அந்த வளைந்த பாதையில் நடந்தவர்கள் அறிவார்கள்.

‘ஒரு பேனாவுக்கும் பைக்கும் மயங்கி நான் மருந்து எழுதுவேனா?’ இதைக் கேட்காத டாக்டர் இல்லை. மனசார நம்பித்தான் கேட்கிறார். 1992இல் அமெரிக்காவில் ஆர்லோவ்ஸ்கி, வாடெஸ்கா இருவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பெரிய மருத்துவமனையின் டாக்டர்களைக் கம்பெனிகள் செலவு முழுதும் ஏற்று உல்லாச விடுதிக் கருத்தரங்குகளுக்கு அழைத்துப் போயிருந்தன. போவதற்கு முன் கேட்டபோது, பெரும்பாலோர் இது தம் மருந்துச் சீட்டைப் பாதிக்காது என்றார்கள். போய் வந்த பிறகு மருத்துவமனையின் மருந்துக் கணக்கைப் பார்த்தால், ஒரு மருந்தின் சராசரிப் பயன்பாடு 81 அலகிலிருந்து 272க்கும், இன்னொன்று 34லிருந்து 87க்கும் ஏறியிருந்தது. யாரும் லஞ்சம் வாங்கவில்லை. யாரும் பொய் சொல்லவுமில்லை. காரில் உட்கார்ந்தவருக்குச் சாலை வளைவது தெரியாமல் போகும், தூங்கிவிட்டால். அப்படித்தான் இதுவும்.

தனி ஆளுக்கே இப்படியென்றால், சங்கம் வளைந்தால் என்ன ஆகும்? சங்கம் மாத்திரை எழுதுவதில்லை. அது செய்வது இன்னும் பெரிய காரியம். எத்தனைக்கு மேல் போனால் ரத்த அழுத்தம் நோய், எந்த வலிக்கு எந்த மருந்து, முதலில் எதைக் கொடுப்பது என்று வழிகாட்டுக் குறிப்பு எழுதுவது சங்கம்தான். அதைப் படித்து எழுதுகிறவர்கள் மொத்தத் தேசமும்.

அமெரிக்காவின் வலி மருத்துவச் சங்கங்களின் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பர்டூ ஃபார்மா 1996இல் ஆக்ஸிகான்டின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அபின் வகை மருந்து. புற்றுநோய்க்காரர்களின் கடைசிக் கால வலிக்கு இந்த வகை மருந்துகளை எடுத்து எழுதிய டாக்டர்கள், முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் எழுதத் தயங்கினார்கள். பழக்கமாகிவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை ஒரு கம்பெனி விளம்பரத்தால் போக்க முடியாது. 1997இல் அமெரிக்க வலி மருத்துவக் கழகமும் அமெரிக்க வலிச் சங்கமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன: நாள்பட்ட வலிக்கு அபின் வகை மருந்துகளைக் கொடுக்கலாம், வலியுள்ளவர்கள் அடிமையாகும் அபாயம் குறைவு. அறிக்கையைத் தயாரித்த குழுவின் தலைவர் டேவிட் ஹாடக்ஸ் பின்னாளில் பர்டூவின் மூத்த அதிகாரியானார். நாடித்துடிப்பு, மூச்சு, சூடு, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகக் கேட்டு எழுத வேண்டும் என்ற முழக்கத்தை முன்னெடுத்ததும் அந்த வலிச் சங்கம்தான். வலியில் துடிப்பவரைக் கவனியுங்கள் என்ற கோரிக்கையில் தப்பென்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அதனால்தான் அது அவ்வளவு தூரம் போயிற்று.

1999க்கும் 2021க்கும் இடையில் அமெரிக்காவில் அபின் வகைப் பொருள்களை அளவு மீறி எடுத்து இறந்தவர்கள் ஏறக்குறைய 6,45,000 பேர் என்கிறது அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். அவ்வளவையும் ஓர் அறிக்கையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஹெராயினும் கள்ளச் சந்தை ஃபென்டனிலும் பின்னால் வந்து சேர்ந்தன. ஆனால் கதவைத் திறந்துவிட்ட கைகளில் சங்கத்தின் கையும் இருந்தது. 2018 பிப்ரவரியில் செனட்டர் மெக்காஸ்கில் வெளியிட்ட அறிக்கை கணக்கைச் சொன்னது: அபின் வகை மருந்து செய்யும் 5 கம்பெனிகள், 2012 முதல் 2017 வரை, 14 சங்கங்களுக்கும் நோயாளர் அமைப்புகளுக்கும் ஏறக்குறைய 90 லட்சம் டாலர் கொடுத்திருந்தன. வழக்குகள் குவிந்தன. 1977இல் தொடங்கிய அமெரிக்க வலிச் சங்கம் 2019 ஜூனில் திவாலாகிக் கதவைச் சாத்தியது.

இதோடு ஒப்பிட்டால் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சன்பீம் விவகாரம் சிரிப்புக் கதை மாதிரி. 1997 ஆகஸ்டில், சன்பீம் கம்பெனியின் ரத்த அழுத்தக் கருவி, தெர்மாமீட்டர், வெப்ப ஒத்தட மெத்தை போன்றவற்றில் சங்கத்தின் பெயரைப் போட 5 ஆண்டு ஒப்பந்தம். விற்பனையில் பங்கு உண்டு. பொருள்களைச் சங்கம் சோதித்துப் பார்க்காது என்பதும் ஒப்பந்தத்தில் அடக்கம்! டாக்டர்கள் கொதித்தெழுந்தார்கள், சங்கம் பின்வாங்கியது, ஒப்பந்தத்தை மீறியதற்காக சன்பீம் வழக்குப் போட்டது, 1998இல் 99 லட்சம் டாலர் கொடுத்துச் சங்கம் கையைக் கழுவியது. நிர்வாகத் தலைவர் உட்படப் பலர் பதவி இழந்தார்கள். முத்திரையை வாடகைக்கு விடப் போனவர்கள் அதைத் திரும்பப் பெறக் கையிலிருந்து காசு கொடுத்தார்கள். அப்படியும் பாடம் நெடுநாள் நிற்கவில்லை. 2009இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர் கழகம், இனிப்பூட்டிகளைப் பற்றி நுகர்வோருக்குக் கல்வி புகட்டக் கோகோ கோலாவிடம் பணம் வாங்கியது. கலிஃபோர்னியாவின் ஒரு மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட டாக்டர்கள் உறுப்பினர் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். உறவு முறிய 2015 ஆயிற்று.

இதெல்லாம் விதிவிலக்குகள் என்று தோன்றலாம். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2020இல் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவின் செல்வாக்கு மிக்க 10 மருத்துவச் சங்கங்களின் 328 தலைவர்களை எடுத்துப் பார்த்தது. 235 பேருக்கு, அதாவது 72 சதவீதத்தினருக்கு, மருந்து, கருவிக் கம்பெனிகளோடு பணத் தொடர்பு இருந்தது. ஆராய்ச்சிப் பணத்தையும் சேர்த்து மொத்தம் சுமார் 13 கோடி டாலர். இதை எண்ண முடிந்ததற்கு ஒரே காரணம், கம்பெனி டாக்டருக்குக் கொடுப்பதை ஊரறிய வெளியிட வேண்டும் என்று அங்கே சட்டம் இருப்பது. இந்தியாவில் எண்ணவே முடியாது.

சங்கம் நினைத்தால் மறுக்க முடியும் என்பதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. குழந்தைப் பால்மாவு விவகாரத்தில் இந்தியா உலகத்துக்கு முன்னோடி. 1939இலேயே சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், ‘பாலும் கொலையும்’ என்று தலைப்பிட்டு, தாய்ப்பாலைத் தள்ளிவிட்டுத் தகர டப்பாப் பாலைப் புகுத்துவதால் சாகும் குழந்தைகளைப் பற்றிப் பேசினார். 1981இல் உலக சுகாதாரப் பேரவை பால்மாவு விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இந்தியாவின் 1992ஆம் ஆண்டுச் சட்டம், 2003இல் வந்த திருத்தத்தோடு, அதைவிட ஒரு படி மேலே போயிற்று. பால்மாவு செய்கிறவர் மருத்துவப் பணியாளருக்கோ ‘அவர்களின் சங்கத்துக்கோ’ பணமோ பொருளோ கொடுக்கக் கூடாது. கருத்தரங்கு, மாநாடு, பயிற்சி, ஆராய்ச்சி உதவித்தொகை எந்தப் பெயரிலும் கூடாது. வாங்குகிறவரின் பதிவு எண்ணைத் தேடிப் போகாமல், கொடுக்கிறவரின் கையைப் பிடித்தது அந்தச் சட்டம். இந்தியக் குழந்தை மருத்துவக் கழகமும் தொண்ணூறுகளிலேயே பால்மாவுக் கம்பெனிகளின் பணம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகும் அதன் மாநாடுகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

லண்டனில் இதற்கு நேர்மாறு. அங்குள்ள குழந்தை மருத்துவர்களின் ராயல் கல்லூரியில், 2016 பொதுக்குழுவில் உறுப்பினர்கள் பால்மாவுப் பணம் வேண்டாமென்று வாக்களித்தார்கள். நிர்வாகம் எல்லா உறுப்பினர்களிடமும் கருத்துக் கேட்டுவிட்டு, நிபந்தனைகளோடு வாங்கலாம் என்று திருப்பிவிட்டது. 2019 பிப்ரவரியில்தான் நிறுத்தியது.

பணத்தை மறுத்தால் கல்விக்கு எங்கே போவது என்ற கேள்வியை அலட்சியமாக ஒதுக்க முடியாது. ஒரு சிறு நகரக் கிளையின் பொருளாளர் படும் பாட்டைப் பார்த்தவர்கள் ஒதுக்க மாட்டார்கள். ஹால் வாடகை, புரொஜக்டர், சென்னையிலிருந்து வரும் பேச்சாளரின் ரயில் டிக்கெட், மதியச் சாப்பாடு. கட்டணம் வைத்தால் பயிற்சி டாக்டர்கள் வர மாட்டார்கள். வைக்காவிட்டால் கைக்காசு போகும். அரசு இதற்கென்று ஒதுக்குவது சொற்பம். அந்த நேரத்தில் மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர் வந்து, ‘சார், சாப்பாடு எங்க பொறுப்பு, ஒரே ஒரு பேனர் வெச்சுக்கறோம்’ என்கிறார். அந்த ரெப்புக்கும் மாதாந்திர இலக்கு உண்டு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பொருளாளரும் நல்லவர்தான். இவ்வளவு நல்லவர்கள் சேர்ந்து செய்கிற காரியத்தில் ஒரு கோளாறு எப்படிப் புகுகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் ‘ஊழல், ஊழல்’ என்று கூவுவது சோம்பேறித்தனம்.

2009இல் டேவிட் ராத்மன் தலைமையில் சில அமெரிக்க மருத்துவ அறிஞர்கள் அந்நாட்டுச் சங்கத்தின் ஆய்விதழான ஜாமாவில் ஒரு யோசனை சொன்னார்கள். ஆய்விதழ் விளம்பரம், மாநாட்டு ஸ்டால் வாடகை இரண்டையும் தவிரக் கம்பெனிப் பணம் பூஜ்யமாக இருக்க வேண்டும். உடனே முடியாதென்றால் முதலில் வரவுசெலவில் 25 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். சங்கத்தை விற்பனைக் களத்திலிருந்து ஒரு முழம் தள்ளிவைக்கும் ஏற்பாடு. கேட்டவர் சிலர், கேட்காதவர் பலர்.

இந்தியாவில் 2023 ஆகஸ்ட் 2ஆம் தேதி, மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் புதிய நடத்தை விதிகளை அறிவித்தது. மருந்துக் கம்பெனி நேரடியாகவோ மறைமுகமாகவோ ஸ்பான்சர் செய்யும் கருத்தரங்குக்கோ மாநாட்டுக்கோ டாக்டர் போகக் கூடாது என்றது அதில் ஒரு விதி. சங்கத்தைத் தொட முடியாவிட்டால் சங்க மாநாட்டுக்குப் போகும் காலைக் கட்டலாமே என்ற யோசனை. அந்த விதிகள் உயிரோடிருந்தது 3 வாரம். இந்திய மருத்துவச் சங்கமும் பெரிய மருந்துக் கம்பெனிகளின் கூட்டமைப்பும் எதிர்த்தன; ஆகஸ்ட் 23 அன்று ஆணையம் விதிகளை நிறுத்திவைத்து, 2002 விதிகளுக்கே திரும்பியது. ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும் என்ற இன்னொரு விதி பெரிய சச்சரவைக் கிளப்பியிருந்ததால், அந்தச் சத்தத்தில் ஸ்பான்சர் விதி செத்ததைப் பலர் கவனிக்கவேயில்லை. அதை எதிர்ப்பதில் டாக்டர் சங்கமும் மருந்துக் கம்பெனிகளும் ஒரே பக்கத்தில் நின்றதைக் கவனித்தவர்கள் இன்னும் குறைவு.

2024 மார்ச்சில் ஒன்றிய அரசின் மருந்துத் துறை, கம்பெனிகளுக்கு ஒரு நெறிமுறை வெளியிட்டது. வெளிநாட்டில் கருத்தரங்கு கூடாது, செலவை வெளியிட வேண்டும், தொழில்முறைச் சங்கங்கள் நடத்தும் கல்வி நிகழ்ச்சிக்கு வெளிப்படையாக உதவலாம். அந்த ஆண்டு டிசம்பரில், ஏப்வி கம்பெனி 30 டாக்டர்களைப் பாரிசுக்கும் மொனாக்கோவுக்கும் அழைத்துப்போக 1.91 கோடி செலவிட்டதாகத் துறை கண்டித்தது. ஆனால் பொதுவாகப் புகார் எங்கே போகும்? மருந்துக் கம்பெனிகளின் சங்கத்திலிருக்கும் ஒழுக்கக் குழுவுக்கு. அங்கேயும் ஒரு சங்கம்.

அதே 2024இல்தான் இந்திய மருத்துவச் சங்கம் பதஞ்சலியின் விளம்பரங்களுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் சூடுபிடித்தது. பொய் விளம்பரத்தை எதிர்த்து டாக்டர்கள் போட்ட நியாயமான வழக்கு. ஏப்ரல் 23 அன்று நீதிபதி ஹிமா கோலி அமர்வு வாதியின் பக்கமும் திரும்பியது: எதிரே ஒரு விரலை நீட்டும்போது மற்ற நாலு விரலும் உங்களையே காட்டுகின்றன, பணத்துக்காக மருந்துகளைப் பரிந்துரைக்கும் உங்கள் உறுப்பினர்கள் பேரில் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டது. ஜூஸ் விவகாரத்துக்குப் பின்னும் ‘கிருமியைக் கொல்லும்’ குரோம்ப்டன் எல்.இ.டி. பல்புக்கும், ஆரோக்கியம் காக்கும் ஏஷியன் பெயின்ட்ஸ் சுவர்ச் சாயத்துக்கும் அந்தச் சங்கத்தின் முத்திரை போயிருந்தது. சுவருக்கு வெள்ளையடிக்க டாக்டர் சீட்டு.

அறக்கட்டளையின் பேரில் நடக்கும் இந்த அவையில், அறக்கட்டளை என்ற ஏற்பாட்டைப் பற்றியே ஒரு வார்த்தை சொல்லலாம். காஞ்சிபுரம் வட்டாரத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. கோயிலோடு இணைந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கை. ஒரு மருத்துவர், ஒரு அறுவைச் சிகிச்சைக்காரர், மூலிகை கொண்டுவருகிறவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள். யாருக்கு எத்தனை கலம் நெல், எத்தனை காசு, சாலையில் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகள் எவை எவை என்று வரிசையாக வெட்டியிருக்கிறது. படுத்திருந்த நோயாளி தன்னைப் பார்க்கும் மருத்துவருக்குப் படியளப்பவர் யார் என்று கேட்டிருந்தால், சுவரைக் காட்டியிருக்கலாம். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல இதை எடுக்கவில்லை. அரசன் பணமும் ஆதாயம் பார்க்காத பணமில்லை. கணக்கை எல்லோரும் நடமாடும் இடத்தில் வைத்தார்கள் என்பதற்காக மட்டுமே எடுத்தது.

இப்போதைய கணக்கு எங்கே இருக்கிறது? ஆண்டுப் பொதுக்குழுவில். மாநாட்டின் இரண்டாம் நாள், மதியம் ஒன்றே கால் மணி, அரங்கில் பாதி நாற்காலி காலி. கீழே பிரியாணி மணக்கிறது. பொருளாளர் மேடையேறி, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று மூன்று வரி வாசிக்கிறார். ‘ஸ்பான்சர்ஷிப்’ என்று ஒரே வரியில் ஒரே தொகை. ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, நிறைவேறுகிறது. மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் இளம் டாக்டர், பயிற்சி முடித்துப் போன வருஷம்தான் உறுப்பினரானவர், பெயரட்டைப் பட்டையை விரலில் சுற்றியபடி எழுந்து நிற்கிறார். அந்த ஒரு வரிக்குள் எந்தெந்தக் கம்பெனி, எவ்வளவு, எதற்காக என்று கேட்கிறார். தலைவர் மேடையிலிருந்து கடிகாரத்தைப் பார்க்கிறார். ‘நல்ல கேள்வி டாக்டர், சாப்பிட்டுட்டு வந்து பேசலாமே’ என்கிறார்.